அன்று சம்மதித்தேன், இன்று கூசுகிறது: அப்படியானால் நான் சொன்னதெல்லாம் பொய்யா?

கேள்வி:

அன்புள்ள மேடத்துக்கு,

நான் ஒரு நடிகை. வயது 38. பெயர் வேண்டாம். 22 வயதில் என் முதல் படத்தில் ஒரு நிர்வாணக் காட்சியில் நடித்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். யாரும் மிரட்டவில்லை. "முதுகு மட்டும்தான், அதுவும் தூரத்திலிருந்து" என்று டைரக்டர் சொல்லியிருந்தார். ஷூட்டிங் அன்று பார்த்தால், வேலையே இல்லாத ஆட்களும் செட்டில் நின்றார்கள். இரண்டாவது டேக் முடிந்ததும், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால்தான் காட்சி நிற்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது" என்றார்கள். திரும்பினேன். காஸ்ட்யூம் பகுதியில் இருந்த ஓர் அக்கா மட்டும், 'கட்' சொன்ன உடனே ஓடி வந்து என்மேல் போர்வையைச் சுற்றினார்.

படம் பேசப்பட்டது. விழாக்களுக்குப் போனது. அடுத்தடுத்து வாய்ப்புகள் வந்தன. பேட்டிகளில் கேட்கும்போதெல்லாம், "எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது என் முடிவு" என்றுதான் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன்.

இப்போது அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிடப் போகிறார்கள். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி யார் யாரோ சுற்றவிடுகிறார்கள். என் மகளுக்கு 13 வயது. அந்த நாளை நினைத்தால் உடம்பு கூசுகிறது, கோபம் வருகிறது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. மறுவெளியீட்டுக்காக ஒரு டிவி பேட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது போய் 'வருத்தமாக இருக்கிறது' என்றால், அன்று புகழும் வாய்ப்பும் வாங்கிக்கொண்டு இன்று நாடகமாடுகிறாள் என்பார்கள். நான் அன்று பொய் சொன்னேனா, இன்று சொல்கிறேனா? பேட்டியில் என்ன சொல்வது? மகளிடம் என்ன சொல்வது? இதற்கு நடுவில், இதே மாதிரி ஒரு வாய்ப்பு வந்திருக்கும் இளம் நடிகை ஒருத்தி என்னிடம் யோசனை கேட்கிறாள். அவளுக்கும் பதில் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அன்றும் பொய் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. 22 வயதில் உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ அதை வைத்து அன்று பேசினீர்கள். ஒரு படம்கூட நடித்திராத பெண்ணுக்கு, செட் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? வேலையில்லாதவர்களை வெளியே அனுப்பச் சொல்லலாம் என்பதும், பேசியதற்கு மேல் ஒரு அங்குலம் கேட்டாலும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்பதும் அன்று உங்களிடம் யார் சொன்னார்கள்? பிறகு எத்தனையோ செட்களைப் பார்த்துவிட்டீர்கள். நல்ல டைரக்டர்களோடும் வேலை செய்திருப்பீர்கள். அந்த அனுபவத்தோடு திரும்பிப் பார்க்கும்போது அதே நாள் வேறு மாதிரி தெரிவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. ஹாலிவுட் நடிகை அமாண்டா சைஃப்ரெட் 2022-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தன் 19 வயதில் உள்ளாடைகூட இல்லாமல் ஒரு செட்டில் நடந்ததை நினைவுகூர்ந்து, 'அதற்கு நான் எப்படி இடம் கொடுத்தேன்' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதிலையும் அவரே சொன்னார்: வயது 19, யாருடைய மனதையும் சங்கடப்படுத்தக் கூடாது என்றிருந்தது, வேலையும் போய்விடக் கூடாது என்றிருந்தது. நீங்கள் 'திரும்பினேன்' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கும் இடத்தில் இவ்வளவும் இருக்கிறது. வெளிச்சம் போகிறது, சுற்றிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவரின் பணம், எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் 'முடியாது' என்று சொல்ல, அப்போது அங்கே இருந்த எல்லோரையும்விட உங்களுக்கு அதிக பலம் தேவைப்பட்டிருக்கும். அங்கிருந்தவர்களில் மிகக் குறைந்த பலம் இருந்தவர் நீங்கள்.

'அப்போது ஏன் சும்மா இருந்தாய்?' என்று மற்றவர்கள் கேட்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். கலைஞர்களோடு பேசும் ஆலோசகராக நான் கவனித்தது, ஊர் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கேள்வியை அவர்கள் தங்களிடம் கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருப்பார்கள். 'எனக்கு வருத்தமே இல்லை' என்பது அந்த வயதில் பலருக்கும் ஒரு பாதுகாப்பு. அடுத்த படத்துக்குப் போக வேண்டும், டைரக்டர்களோடு பேச வேண்டும், வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். வருத்தப்பட்டால் இத்தனையும் ஆட்டம் காணும் என்று மனசுக்குத் தெரியும், அதனால் வருத்தத்தைத் தள்ளிப்போடும். எமிலியா கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். நடிப்புப் பள்ளியிலிருந்து நேராகப் போய் அவர் நடித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெரிய தொடர் 2011-ல் தொடங்கியது. அந்த ஆரம்பகாலக் காட்சிகளுக்கு முன்னால் குளியலறையில் போய் அழுதுவிட்டு வருவேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 2019-ல், தொடர் முடிந்த வருடத்தில். உடன் நடித்த ஜேசன் மொமோவா தனக்கு மேலங்கி கொடுக்கச் சொல்லி நின்றதையும் மறக்காமல் சொன்னார். உங்கள் போர்வை அக்காவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பின்னாளில், 'போர்வை விலகாது' என்று செட்டில் சண்டை போடும் அளவுக்குத் தனக்குத் துணிவு வந்ததாகவும் எமிலியா சொன்னார். காலில் நிற்க ஒரு இடம் கிடைத்த பிறகுதான் வலியைப் பேச முடிகிறது. தாமதம் ஆனதால் அது பொய்யாகிவிடாது.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். யார் மேல் என்று தெரியவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்ததில், உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது. அந்தக் காட்சியில் நடித்தது ஒன்று. அதைப் படமாக்கிய விதம் இன்னொன்று. இத்தனை வருடம் கழித்து அதை வெட்டிச் சுற்றவிடுவது மூன்றாவது. காட்சி கதைக்குத் தேவையில்லை என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. ஒப்புக்கொண்டதற்கு வருந்துவதாகவும் எழுதவில்லை. முதுகு என்று பேசிவிட்டுத் திரும்பச் சொன்னதும், ஆட்கள் நின்றதும், இப்போது அது தொலைபேசிகளில் சுற்றுவதும்தான் வரிக்கு வரி வருகின்றன. உங்களுக்குக் கூசுவது உங்கள் உடம்பைப் பார்த்தும் இல்லை, உங்கள் முடிவைப் பார்த்தும் இல்லை என்று நினைக்கிறேன். என் கணிப்பு தவறாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆனால் பிரித்துப் பார்க்காமல் பேட்டிக்குப் போகாதீர்கள்.

மற்றவர்கள் பேசியதையும் கூர்ந்து கவனித்தால் இந்தப் பிரிவினை தெரியும். மரியா ஷ்னைடர் 1972-ல் வெளியான 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தில் நடித்தபோது அவருக்கு வயது 19. வன்முறையான ஒரு காட்சியில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை டைரக்டர் பெர்டோலூச்சியும் உடன் நடித்த மார்லன் பிராண்டோவும் அன்று காலைதான் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். மரியாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தனக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி 2007-ல் ஒரு பேட்டியில் மிகக் கடுமையான வார்த்தைகளில் பேசினார். கேமராவுக்கு முன்னால் வந்த கண்ணீர் நிஜக் கண்ணீர் என்றார். 2011-ல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு, 2013-ல், ஒரு நடிகையாக அல்லாமல் ஒரு பெண்ணாக அவர் எப்படித் துடிப்பார் என்பதுதான் தனக்குத் தேவைப்பட்டது என்று பெர்டோலூச்சி சொன்னார். மரியா பேசியபோது உலகம் காது கொடுக்கவில்லை. டைரக்டர் வாயால் வந்த அந்தப் பழைய வீடியோ 2016-ல் பரவியபோதுதான் பலர் அதிர்ந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது ஹாலிவுட் நடிகை ஷாரன் ஸ்டோன் எழுதியது. 'பேசிக் இன்ஸ்டிங்ட்' 1992-ல் வந்தது. வெள்ளை உள்ளாடை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, கழற்றிவிடு, எதுவும் தெரியாது என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், ஏஜென்ட்களும் வக்கீல்களும் நிறைந்த ஓர் அறையில் படத்தைப் பார்த்தபோதுதான் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிந்ததாகவும் 2021-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். டைரக்டர் பால் வெர்ஹோவனை அறைந்துவிட்டு வெளியே வந்து, வக்கீலுக்குப் போன் செய்திருக்கிறார். அந்தக் காட்சியைத் தடுக்க வழி இருந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்து, அந்தப் பாத்திரத்துக்கும் படத்துக்கும் அது பொருந்துகிறது என்று முடிவெடுத்து, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்தே நடந்தது என்று வெர்ஹோவன் மறுக்கிறார். இதில் யார் சொல்வது சரி என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எடுத்த விதம் தவறு, காட்சி படத்துக்குச் சரி என்ற இரண்டையும் ஒரே ஆள் ஒரே புத்தகத்தில் சொல்ல முடிகிறது. யாரும் அவரை ஏதாவது ஒரு பக்கம் நில் என்று கட்டாயப்படுத்த முடியவில்லை.

படத்துக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தும் தயங்குகிறீர்கள். 2013-ல் கான் திரைப்பட விழாவில் 'ப்ளூ இஸ் த வார்மஸ்ட் கலர்' படத்துக்குத் தங்கப்பனை விருது கிடைத்தபோது, டைரக்டரோடு சேர்த்து இரண்டு கதாநாயகிகளுக்கும் அதைக் கொடுத்தார்கள். அதே வருடம் லியா செய்டூவும் அடெல் எக்ஸார்கொபுலோஸும், அந்த நெருக்கமான காட்சிகளை நாள்கணக்கில் எடுத்தது கொடுமையாக இருந்தது, இனி அவரோடு வேலை செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். விருதைத் திருப்பித் தரவில்லை, தர வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் வாங்கிய பாராட்டு உங்கள் நடிப்புக்கு. செட்டில் பேச்சை மீறியவர்களுக்கு அது கொடுத்த பாவமன்னிப்பு இல்லை.

மனம் மாறியதை உலகம் எவ்வளவு இரக்கமில்லாமல் கேள்வி கேட்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1968-ல் வந்த 'ரோமியோ ஜூலியட்' படத்தில் நடித்தபோது ஒலிவியா ஹஸ்ஸிக்கும் லெனார்ட் வைட்டிங்குக்கும் 18 வயது ஆகியிருக்கவில்லை. 2018-ல்கூட ஒலிவியா அந்தக் காட்சியை ஆதரித்துப் பேசினார். 2022 டிசம்பர் கடைசியில் இருவரும் தயாரிப்பு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2023-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் முன்பு பேசியதை எடுத்துப்போட்டுத் தோண்டியவர்கள் பலர். நீங்கள் நடித்தபோது 18 வயதைத் தாண்டியவர், அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சிறுவர்கள் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும், முன்பு ஆதரித்தவர் பின்பு வருந்தினால் பணத்துக்காகத்தான் என்று சொல்லிவிடும் அவசரம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதற்கு நீங்கள் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இப்போது இதைப் பற்றிப் பலரும் பேசுவதால், நானும் முழுக்கப் பாதிக்கப்பட்டவளாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே தள்ளிக்கொண்டு போகாதீர்கள். வருத்தமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நிஜம்தான். தன் அந்தரங்கப் படங்கள் 2014-ல் திருடப்பட்டு வெளியான பிறகு, ஜெனிஃபர் லாரன்ஸ் 2018-ல் வந்த ஒரு படத்தில் தானே முடிவெடுத்து ஒரு நிர்வாணக் காட்சியில் நடித்தார். தன்னிடமிருந்து பறித்த ஒன்று திரும்பக் கிடைத்தது போல இருந்தது என்றார். கேட் வின்ஸ்லெட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். 1997-ல் வந்த 'டைட்டானிக்' படத்தை அவர் மறுதலிக்கவில்லை. ஆனால் அதில் வரும் நிர்வாண ஓவியத்தின் படத்தை ரசிகர்கள் நீட்டிக் கையெழுத்து கேட்டால் போடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். படம் என்னுடையது, இந்தக் காகிதத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்பது போல. இப்படியொரு சின்னக் கோட்டை நீங்களும் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று செய்யுங்கள். தனியாக உட்கார்ந்து அந்த ஒரு நாளை மட்டும் எழுதுங்கள். கதை சொன்ன அன்று என்ன பேசினார்கள், ஒப்பந்தத்தில் என்ன வார்த்தை இருந்தது, காலையில் செட்டுக்குள் போனபோது யார் யார் இருந்தார்கள், மானிட்டர் பக்கத்தில் எத்தனை பேர், திரும்பச் சொன்னது யார், உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டார்களா, எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்களா, எடிட்டிங் முடிந்த பிறகு உங்களிடம் காட்டினார்களா. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், 'நான் சொல்லியிருக்கலாம்' என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். அக்கா ஓடி வந்ததையும் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது கோபம் எந்தெந்த வரியில் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த வரிகளில் உங்கள் பெயர் எவ்வளவு குறைவாக வருகிறது என்பதையும் பார்ப்பீர்கள்.

எழுதும்போது மூச்சு முட்டினாலோ, தூக்கம் போனாலோ, அந்தக் காட்சி திடீர் திடீரெனக் கண்முன் வந்து உடம்பு நடுங்கினாலோ நிறுத்திவிட்டு, அருகில் இருக்கும் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது.

அடுத்தது மறுவெளியீடு. பேட்டியைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், இதற்குத்தான் நேரம் குறைவு. உங்கள் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, திரைத்துறை வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பொதுவாகப் படத்தின் காப்புரிமை தயாரிப்பாளரிடம்தான் இருக்கும். ஏற்கெனவே சம்மதத்தோடு எடுத்த காட்சியைப் படத்திலிருந்து நீக்கச் சொல்லும் உரிமை நடிகருக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆனால் டிரெய்லரிலும் போஸ்டரிலும் விளம்பரத் துணுக்குகளிலும் அந்தக் காட்சியோ அதன் ஸ்டில்லோ வரக் கூடாது என்று எழுத்தில் கேட்கலாம். முதுகு மட்டும் தெரியும் முதல் டேக் இருந்தால், புதுப்பிக்கும்போது அதைப் போட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மறுவெளியீட்டுக்கு உங்கள் முகமும் பேட்டியும் அவர்களுக்குத் தேவை. 22 வயதில் உங்களிடம் இல்லாத பலம் இது, பயன்படுத்துங்கள்.

வெட்டிச் சுற்றவிடுவதைப் பற்றியும் வக்கீலிடம் பேசுங்கள். ஆனா டி அர்மாஸ் 2022-ல் தன் படம் வெளிவரும் முன்பே, எந்தத் துணுக்குகள் பரவப் போகின்றன என்று தனக்குத் தெரியும், அது அருவருப்பாக இருக்கிறது என்று சொன்னார். படத்துக்குள் ஒரு பெண்ணின் கதையாக இருப்பது, வெட்டி எடுத்த நிமிடத்தில் வெறும் உடம்பாகிவிடுகிறது. இதைத் தட்டிக் கேட்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். டென்மார்க்கில் படங்களின் நிர்வாணக் காட்சிகளை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டுவந்த ஒருவருக்கு 2025-ல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. காப்புரிமையோடு, நடிகைகளின் கலை மரியாதைக்கு நேர்ந்த கேடும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2012-ல் பெய்ஜிங்கில் ஏற்கப்பட்டு 2020-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையும், நடிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமை நடிகருக்கு உண்டு என்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். நடைமுறையில் வேகமான வழி, தயாரிப்பாளரைக் கொண்டு அந்தந்தத் தளங்களுக்குக் காப்புரிமைப் புகார் அனுப்ப வைப்பதுதான். உங்கள் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிய டீப்ஃபேக் ஏதாவது இருந்தால் அது முற்றிலும் வேறு குற்றம், அதற்குத் தனியாகப் புகார் கொடுங்கள். தேடும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு தளமாகப் போய் அதையே பார்த்துக்கொண்டிருப்பது உங்களை மறுபடி அந்தச் செட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தும்.

பேட்டிக்குப் போவதா என்பதே உங்கள் விருப்பம். போவதென்றால், பேசும்போது பின்னால் அந்தக் காட்சியை ஓட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். தராவிட்டால் போக வேண்டாம். கேள்வி வரும்போது நீண்ட விளக்கம் கொடுக்காதீர்கள், நீளமாகப் பேசினால் அதில் ஒரு வரியை வெட்டித் தலைப்பாக்குவார்கள். உங்கள் கடிதத்திலிருந்தே ஒரு பதில் செய்து தருகிறேன், உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்: "அந்தப் படத்தில் நடித்ததில் எனக்குப் பெருமை உண்டு. அந்தக் காட்சிக்கு நான் சம்மதித்தேன். ஆனால் எதற்குச் சம்மதித்தேனோ, செட்டில் அதற்கு மேல் கேட்டார்கள். அதை எதிர்த்துப் பேச எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போது தெரியும்." இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. 'முன்பு வருத்தமில்லை என்றீர்களே?' என்றால், "ஆமாம், அப்போது அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யார் மேலாவது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும், பேட்டிக்கு முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். பேசவே விருப்பமில்லை என்றால் அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். உங்கள் மனசுக்குள் நடந்ததைக் கேமரா முன் ஒப்பிக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

மகள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே கிடையாது. நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். 13 வயதுப் பிள்ளையின் வகுப்பில் யாரோ ஒருவர் தொலைபேசியை நீட்டுவதற்கு முன்னால் அவளுக்கு உங்கள் வாயால் தெரிந்திருக்க வேண்டும். சல்மா ஹாயெக் 2021-ல் ஒரு பேட்டியில், 1995-ல் வந்த படத்தின் நெருக்கமான காட்சியை எடுத்தபோது அழுதுகொண்டே இருந்ததைப் பற்றிப் பேசினார். உடன் இருந்தவர்கள் கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார்கள், செட்டில் நான்கே பேர்தான். அப்படியும் அப்பாவும் தம்பியும் பார்ப்பார்களே என்ற நினைப்பே அவரை வாட்டியது. கடைசியில் அவர்கள் தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய், முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார்களாம். வீட்டு மனிதர்கள் பெரும்பாலும் நாம் பயப்படுவதைவிட நிதானமாகவே இருக்கிறார்கள்.

மகளிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பிக்காதீர்கள். அம்மா ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்றுதான் அவள் காதில் விழும். "நீ பிறப்பதற்கு முன்னால் நான் நடித்த ஒரு படத்தில், உடை இல்லாமல் ஒரு காட்சி இருக்கிறது. கதைக்காக நடித்தேன். அதை மட்டும் வெட்டிச் சிலர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்கள் செய்கிற தவறு. யாராவது உன்னிடம் காட்டினால் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, என்னிடம் வந்து சொல்." இந்த அளவு போதும். பிறகு அவள் கேட்கட்டும். அன்று கேட்காமல், வாரங்கள் கழித்து வேறு ஏதோ வேலைக்கு நடுவில் கேட்பாள். 'நீங்கள் விரும்பித்தான் செய்தீர்களா?' என்று கேட்டால், செட்டில் திரும்பச் சொன்னதையும் சொல்லுங்கள். நாம் ஒப்புக்கொண்டதற்கு மேல் யாராவது கேட்டால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், நிறுத்தலாம் என்பதை அவள் இந்த வயதில் உங்களிடமிருந்து கேட்பது நல்லது. அவளுடைய பள்ளியில் நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்த இளம் நடிகை. 'நடி' என்றும் சொல்லாதீர்கள், 'நடிக்காதே' என்றும் சொல்லாதீர்கள். அவளுக்குத் தேவை, உங்களுக்கு 22 வயதில் யாரும் சொல்லாத விவரங்கள். எந்த உறுப்பு தெரியும், எந்தக் கோணம், எத்தனை விநாடி, செட்டில் யார் யார் இருப்பார்கள், மானிட்டரை யார் பார்ப்பார்கள், ஸ்டில் எடுப்பார்களா, பயன்படுத்தாத ஃபுட்டேஜ் என்ன ஆகும், டிரெய்லரில் வருமா, எடிட் செய்ததைக் காட்டுவார்களா என்று ஒவ்வொன்றும் ஷூட்டிங்குக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். 'கதைக்குத் தேவையான காட்சிகளில் நடிக்கச் சம்மதம்' என்று ஒற்றை வரி போட்டிருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் விதிகளில் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம், தேவையானவர்கள் மட்டும் இருக்கும் மூடிய செட், சம்மதமில்லாமல் ஸ்டில் எடுக்கத் தடை எல்லாம் இருக்கின்றன. படமாக்கும் முன்பு மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். படமாக்கிய பிறகு, அதுவரை எடுத்ததை அவர்கள் பயன்படுத்தலாம். அதனால்தான் யோசிக்க வேண்டியதையெல்லாம் முன்னால் யோசித்துவிட வேண்டும் என்று அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்டிமசி கோஆர்டினேட்டர் என்று ஒரு வேலையே இப்போது இருக்கிறது. சண்டைக்காட்சிக்கு ஸ்டண்ட் மாஸ்டர் இருப்பது போல, நெருக்கமான காட்சியில் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே பேசி வைத்து, செட்டில் நடிகரின் பக்கம் நிற்பவர். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ 2018-ல் தன் தொடர்களின் இப்படிப்பட்ட காட்சிகள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒருவரை வைப்பது என்று முடிவு செய்தது. ஒரு நடிகை கேட்டதால்தான் அது தொடங்கியது. எல்லோருக்கும் அது பிடிக்கும் என்றில்லை. 'அனோரா' படத்துக்காக 2025-ல் ஆஸ்கர் வாங்கிய நடிகை மிக்கி மேடிசன், அந்தப் படத்தில் அப்படி ஒருவர் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று தானே முடிவெடுத்ததாகச் சொன்னார். அவரிடம் கேட்டார்கள் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவளுடைய தயாரிப்பாளரும் அவளிடம் கேட்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோஆர்டினேட்டருக்கு வசதி இல்லாத சின்னப் படம் என்றால், அவள் நம்புகிற ஒரு பெண்ணை முழு நேரமும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும் உரிமையையாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும்.

உங்கள் பழைய ஒப்பந்தம் கைக்குக் கிடைத்ததும் வக்கீலைப் பாருங்கள். தயாரிப்பாளருக்குக் கடிதம் போய் எழுத்தில் பதில் வந்த பிறகு டிவிக்காரர்களுக்குத் தேதி கொடுங்கள். அதற்கு முன் அவசரப்படுத்தினால், இன்னும் முடிவு செய்யவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். மகளிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.